ஸ்ட்ராஸ்பூர்கில் இரண்டு வருஷம், ஒரு பழைய சைக்கிளோடு

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் முதுகலை படிக்க வந்து முதல் மாதம் டிராமில்தான் போய் வந்தேன். அதன்பிறகு படிப்பு முடியும்வரை எல்லாம் சைக்கிள்தான். மழையோ பனியோ, தேர்வு நாளோ, அரிசி மூட்டை வாங்கும் சனிக்கிழமையோ, வேறு வண்டி தேடியதில்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான். என் அனுபவத்தில், பூட்டைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஊர் ரைன் ஆற்றுச் சமவெளியில் இருக்கிறது. ஏற்றம் என்று சொன்னால் கால்வாய்ப் பாலங்கள் மட்டும்தான். 1990களின் தொடக்கத்தில் நகர மையத்தின் ஊடே கார்கள் கடந்து போவதை நிறுத்திவிட்டு, 1994-இல் டிராமைக் கொண்டுவந்தார்கள். அந்த முடிவின் பலனை நான் தினமும் அனுபவித்தேன். எஸ்ப்ளனாத் பல்கலைக்கழக வளாகத்துக்குக் காலையில் பேராசிரியரும் சைக்கிளில் வருவார். குழந்தையைப் பின்னால் பெட்டி வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு அம்மாக்களும் போவார்கள். வசதி இல்லாதவர்கள்தான் சைக்கிள் ஓட்டுவார்கள் என்ற எண்ணமே இங்கே கிடையாது.

முதல் சைக்கிள், ஒருவர் ஓட்டிய பழையதை 90 யூரோவுக்கு வாங்கினேன். மெல்லிய கம்பிவடப் பூட்டு போட்டு விடுதி வாசலில் நிறுத்தினேன். மூன்றாம் வாரம் காலையில் போய்ப் பார்த்தால், வடம் மட்டும் துண்டாகித் தரையில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் உறை ஒரே வெட்டில் போயிருந்தது. அன்று மனது ரொம்ப உடைந்துபோனது. எங்கள் விடுதியில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர்தான் சொன்னார்: "தம்பி, முதல்ல பூட்டுக்குக் காசு போடும். சைக்கிள் பிறகு பாக்கலாம்." 45 யூரோ கொடுத்து யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்கினேன். சக்கரத்தை மட்டும் பூட்டாமல், சட்டத்தையும் சேர்த்து அசையாத கம்பியோடு பூட்டினேன். இரண்டாவது சைக்கிள் கடைசிவரை என்னோடு இருந்தது. 2021 முதல் கடைகளில் விற்கும் சைக்கிள்களுக்கு அடையாள எண் பதித்துத் தரவேண்டும் என்பது சட்டம். ஒருவரிடம் பழையதாக வாங்கினாலும் அந்த எண் இருக்கிறதா, விற்பவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சொந்தமாக வாங்கத் தயக்கமாக இருந்தால், நகரத்தின் வெலோப் வாடகை சைக்கிளை மாதக் கணக்கில் எடுக்கலாம். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு.

டிராம் தண்டவாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நவம்பர் மாலை, தூறல். இடப்பக்கம் திரும்ப நினைத்துத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தேன். முன் டயர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியதுதான் தெரியும். ஹேண்டில் திரும்பவே இல்லை. முழங்கையும் முட்டியும் தேய்ந்து கீழே கிடந்தேன். நல்லவேளை, பின்னால் வண்டி வரவில்லை. தண்டவாளத்தை நேர்க்குறுக்காக, செங்கோணத்தில்தான் கடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் அதன்மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது. கொஞ்சம் அகலமான டயர் இருப்பது நல்லது.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். எனக்குப் பழக நாளானது வேறொரு விதி: பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து கார் வந்தாலும் நாம்தான் நிற்க வேண்டும். இன்னொன்று, சிக்னல் கம்பத்தில் தலைகீழ் முக்கோணத்துக்குள் மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் இருந்தால், சிவப்பு விளக்கிலும் சைக்கிள் அந்தத் திசையில் போகலாம். ஆனால் நடப்பவர்களுக்கும் மற்ற வண்டிகளுக்கும் வழிவிட்டுத்தான். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினாலும், கையில் போன் வைத்து ஓட்டினாலும் 135 யூரோ அபராதம்.

பழுது பார்க்க பிரெட்ஸெல் என்ற சங்கத்தின் பட்டறைக்குப் போவேன். பிரெட்ஸெல் என்பது இந்த அல்சாஸ் பகுதியின் பலகாரம். ‘செல்’ என்றால் பிரெஞ்சில் சைக்கிள் சீட். இரண்டையும் கோத்து வைத்த பெயர். அங்கே நமக்காக யாரும் கழற்றிப் பூட்டித் தருவதில்லை. கருவியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். பிரேக் கட்டை மாற்றவும் செயின் போடவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். என் அரைகுறை பிரெஞ்சும் வகுப்பறையை விட அங்கேதான் வளர்ந்தது.

குளிர்காலம்தான் கஷ்டம். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் வரும், மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் வெளியே எடுக்கவே கூடாது. கால்சட்டையை விடக் கையுறைக்குச் செலவு செய்யுங்கள். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. கிறிஸ்துமஸ் சந்தை நாட்களில் தேவாலயத்துப் பக்கம் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஓட்ட வழியே இருக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்த பயணம் கேல் என்ற ஊருக்குப் போவது. ரைனைத் தாண்டினால் ஜெர்மனி. 2004-இல் திறந்த ‘இரு கரைப் பாலம்’ நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். படியேறும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் ஆற்றின் நடுவே ஒரு மேடையில் சேரும். அங்கே நின்று கீழே சரக்குப் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சோப்பு, ஷாம்பு எல்லாம் கேலில் விலை குறைவு. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், அன்றைக்கு ஆற்றைப் பார்க்க மட்டும் போங்கள். அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமானை ஹேண்டிலில் தொங்கவிடாமல் கேரியரில் கட்டுங்கள்; பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்.