தொலைபேசி, கொப்பி, கடிகாரப் படம், ஸ்கேன்: மறதியை முதலில் எது காட்டும்?

ஐம்பது வருடம் சொதி வைத்த கை அது. ஒரு நாள், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்குள்ளேயே தேசிக்காயைப் பிழிந்துவிட்டது. பால் திரைந்துபோனது. சட்டியை இறக்கிய பிறகுதான் புளி விட வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்த பெரியம்மா, எங்கே பிழைத்தது என்று பிடிபடாமல் நின்றார். ஒரு தரம் என்றால் விட்டுவிடலாம். மூன்று கிழமைக்குள் மூன்று தரம் நடந்தது. அதே மாதத்தில் ரொறன்ரோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் பேசிவிட்டு, “அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், என் நாலாம் வகுப்பு ஆசிரியரின் பெயர்கூட நினைவிருக்கிறது” என்றார்.

நாங்கள் கண்டதும் மகன் கேட்டதும் உண்மைதான். ஆனால் அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைத்தான் முதலில் தின்னும். நாலாம் வகுப்பு ஆசிரியர் நெடுநாள் தங்கியிருப்பார். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தனியே இருக்கும் எத்தனையோ பெற்றோரின் நிலையைக் கடல் கடந்த பிள்ளைகள் தொலைபேசியில்தான் எடைபோடுகிறார்கள். “சாப்பிட்டீர்களா, குளிசை போட்டீர்களா” என்ற கேள்விகளுக்கு நினைவே இல்லாமலும் “ஓம்” சொல்லிவிடலாம். நேற்று யார் வந்தார்கள், மத்தியானம் என்ன கறி என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டால் தொலைபேசிக்கும் கொஞ்சம் கண் வரும். இல்லையென்றால் நான்கு வழிகளில் இதுவே பலவீனமானது.

என் வாக்கு, வீட்டில் காணும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கொப்பிக்குத்தான். திகதி, நடந்தது, முன்பு எப்படி இருந்தது: இந்த மூன்றும் போதும். மூன்றாவதுதான் உயிர். பென்சன் புத்தகத்தை வைத்த இடம் மறந்து தேடுவது வயதோடு வருவது. அது அரிசி வாளிக்குள் கிடந்து, எடுத்துக் கொடுத்த பிறகும் “யாரோ ஒளித்துவைத்தார்கள்” என்று அவர் சாதித்தால், அதை எழுத வேண்டும். பெயர் நாக்கு நுனியில் நின்று, சற்றுப் பொறுத்து வருவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒரே கேள்வியை அரைமணி நேரத்தில் நான்கு தரம், முதல் தரம் கேட்பதுபோலக் கேட்பதை எழுதுங்கள். மயூரபதி அம்மன் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் பழகிய ஒழுங்கையில் திசை தடுமாறுவதையும், மளிகைக் கடையில் மீதிக் காசு எண்ண முடியாமல் தாளை அப்படியே நீட்டுவதையும் எழுதுங்கள். வைத்தியர்களும் இந்தப் பார்வையை மதிக்கிறார்கள். ஏ.டி.8 என்ற பட்டியலில் வீட்டாரிடம் எட்டே கேள்விகள்தான். இரண்டுக்கு “ஆம், மாறியிருக்கிறது” என்று பதில் வந்தாலே மேலும் சோதிக்க வேண்டும்.

கொப்பிக்கும் குறை உண்டு. கூடவே இருப்பவர் பழகிவிடுவார். பெரியப்பா பெரியம்மாவின் பாதி வசனங்களைத் தானே முடித்துவைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. “அறளை பெயர்ந்துவிட்டது”, அதாவது வயதாகிப் புத்தி தடுமாறுகிறது, என்று சிரித்துத் தள்ளுகிற வீட்டில் கொப்பியே திறக்கப்படாது. அந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன்.

அடுத்தது, வைத்தியர் வைக்கும் கடதாசிச் சோதனை. 1975 இல் வந்த எம்.எம்.எஸ்.ஈ., 2005 இல் வந்த மோகா என்ற இரண்டு சோதனைகளுக்குமே 30 புள்ளிகள். மோகாவில் 26 அல்லது அதற்கு மேல் வந்தால் வழமை. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மொழி முக்கியம். நாங்கள் முதலில் போன இடத்தில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். பெரியம்மா வெட்கப்பட்டுப் பாதிக் கேள்விகளுக்கு வாயே திறக்கவில்லை. பிறகு வேறோர் இடத்தில் தமிழில் கேட்டபோது புள்ளிகள் ஏறின. கடிகாரம் மட்டும் ஏறவில்லை. பதினொன்று பத்துக்கு முள் வரையச் சொன்னார்கள். ஒரு முள்ளைப் பதினொன்றிலும், இரண்டில் நிற்க வேண்டிய மற்றதைப் பத்திலும் வைத்துவிட்டு, “சரிதானே?” என்று என்னைப் பார்த்தார். அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிறையப் படித்தவர்கள் ஆரம்பத்தில் நல்ல புள்ளி எடுத்து நோயை மறைத்துவிடக் கூடும். அங்கேயும் கொப்பிதான் கைகொடுக்கும்.

ஸ்கேன்? கொழும்பில் பலரும் முதலில் அதற்குத்தான் ஓடுகிறார்கள். ஆரம்ப நிலையில் சி.டி. ஸ்கேன் வழமையாகவே இருக்கலாம், நலமாக உள்ள முதியவரின் மூளையிலும் சுருக்கம் தெரியலாம். கட்டி, பக்கவாதம், விழுந்தபின் மண்டைக்குள் கசிந்த இரத்தம், மூளையில் தேங்கும் நீர் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதே அதன் பெரிய பயன். வைத்தியர் எழுதித் தந்தால் எடுங்கள். தலையில் அடிபட்டாலோ, கைகால் சோர்ந்தாலோ, இரண்டொரு நாளுக்குள் குழப்பம் வந்தாலோ கொப்பி எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றுக்கூடக் காரணமாகலாம்.

ஸ்கேனைவிடச் செலவு குறைந்த இரத்தப் பரிசோதனையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். விற்றமின் பி12 குறைபாடும் தைரொயிட் குறைபாடும் மறதியாகத் தோற்றம் காட்டும். இரண்டுக்கும் மருந்து உண்டு. மனச்சோர்வும் அப்படியே. “எனக்கு ஒன்றுமே நினைவில் நிற்கவில்லை” என்று அவரே முறையிட்டால் பெரும்பாலும் மனச்சோர்வை யோசிக்க வேண்டும். அவர் ஒன்றுமில்லை என்று சமாளிக்க, வீட்டார் கவலைப்பட்டால் மறதிநோயை யோசிக்க வேண்டும். கேட்கும் திறன் குறைந்தவரும் மறதிக்காரராகத் தெரிவார்.

விசேட வைத்தியரைத் தனியாரிடம் பணம் கட்டிச் சனல் செய்ய வசதியில்லாவிட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் கிளினிக்கில் இலவசமாகக் காட்டலாம். காத்திருப்பு நீளும், அவ்வளவுதான். கொழும்பு 10 இல் லங்கா அல்சைமர் நிறுவனம் இத்தகைய குடும்பங்களுக்கென்றே இயங்குகிறது. எங்கே போனாலும் கொப்பியோடு, போடுகிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். நித்திரைக் குளிசையும் சில ஒவ்வாமைக் குளிசைகளும் நினைவைக் குழப்பும். மூக்குக்கண்ணாடியையும் மறக்க வேண்டாம். சோதனையைத் தமிழில் வைக்கும்படி கேளுங்கள்.