கிரியேட்டினா, மாதுளையா, மீனெண்ணெயா: சிசுவின் மூளைக்கு எது காவல்?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், லண்டன் மச்சாளும் கனடாச் சித்தியும் அனுப்பும் பார்சலில் இப்போது சொக்லேட்டோடு டப்பாக்களும் வந்துவிடுகின்றன. மீனெண்ணெய், மாதுளைச் சாறு, புரொக்கோலி முளைத் தூள், புதிதாகக் கிரியேட்டின். "பிறக்கேக்க பிள்ளைக்கு மூச்சுத் திணறினாலும் மூளைக்கு ஒண்டும் ஆகாதாம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவும் கூடவே வரும்.

ஆசை நியாயமானதுதான். பிரசவ நேரத்தில் ஒட்சிசன் குறைந்து மூளை பாதிக்கப்படுவது வசதியான நாடுகளில்கூட ஆயிரம் பிறப்புகளுக்கு 1 முதல் 3 வரை நடக்கிறது. தெற்காசியாவில் இன்னும் அதிகம். ஒட்சிசன் நின்றால் மூளைக் கலங்களின் சக்திக் கையிருப்பு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரத்த ஓட்டம் திரும்பிய பிறகு, சுமார் ஆறு மணித்தியாலம் கழித்து அந்தச் சக்தியில் இரண்டாவது சரிவு தொடங்கும். எந்தப் பிள்ளைக்கு இது நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் தாய்க்கு முன்பே ஏதாவது கொடுத்து வைக்கலாமா என்று ஆய்வாளர்களும் கேட்கிறார்கள்.

அறிவியல் தர்க்கத்தில் முதலிடம் கிரியேட்டினுக்கு. ஜிம் பையன்கள் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் அதே வெள்ளைத் தூள்தான். கலத்துக்குள் அது பொஸ்பேற்றைச் சேமித்து வைத்து, ஒட்சிசன் இல்லாத நேரத்திலும் கொஞ்ச நேரம் சக்தி கிடைக்கச் செய்கிறது. மெல்பேர்னில், முள் போன்ற மயிருள்ள ஒருவகைச் சுண்டெலியில் சோதித்தார்கள். சாதாரண எலியைவிட முதிர்ந்த நிலையில் குட்டி போடும் இனம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து தாயின் தீனியில் 5% கிரியேட்டின் சேர்த்தபோது, மூச்சுத் தடைபட்டுப் பிறந்த குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன, மூளைச் சேதமும் குறைந்தது. முடிவு 2008 முதல் வெளிவரத் தொடங்கியது. ஆனால் 2014இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு கர்ப்பிணிப் பெண்களிடம் நடந்த பரிசோதனைகளைத் தேடியபோது, சேர்க்கத்தக்க ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 5% தீனி என்பது மீனும் இறைச்சியும் தின்று எட்டக்கூடிய அளவுமல்ல. டப்பா வந்துவிட்டதென்றால் ஜிம்முக்குப் போகும் கணவர் குடிக்கட்டும்.

மாதுளை அதைவிட ஒரு படி முன்னே வந்திருக்கிறது. மனிதர் வரை வந்துவிட்டது. 2005இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், மாதுளைச் சாறு குடித்த சுண்டெலிகளின் குட்டிகளுக்கு மூளைச் சேதம் குறைந்ததைக் கண்டார்கள். பிறகு அதே நகரில், வயிற்றில் வளர்ச்சி குன்றிய சிசுக்களைச் சுமந்த தாய்மாருக்கு நாளுக்குச் சுமார் 240 மில்லிலீற்றர் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு: மூளையின் பெரிய கட்டமைப்பில் வித்தியாசமில்லை, வெள்ளைப் பகுதியின் நுண் இணைப்புகளில் சில வேறுபாடுகள். சுவாரஸ்யம்தான். ஆனால் அது நாட்கணக்காக மெல்லக் குறையும் ஒட்சிசனின் கதை, பிரசவ அறையில் திடீரென நிற்கும் ஒட்சிசனின் கதையல்ல. அந்த ஒரு கிளாஸில் சீனி ஏறத்தாழ 30 கிராம். கர்ப்பகால நீரிழிவு வீட்டுக்கு வீடு கேள்விப்படும் ஊரில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இன்னொரு எச்சரிக்கை பிரேசிலிலிருந்து: கடைசி மூன்று மாதங்களில், மாதுளையில் உள்ள பொலிபீனோல் என்ற சேர்மம் நிறைந்த உணவு மிஞ்சினால் சிசுவின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய நாளம் சுருங்கலாம் என்கிறார்கள் அங்குள்ள இதய வைத்தியர்கள். எல்லோரும் ஏற்ற கருத்தல்ல. ஆனாலும் நான் பழமாகச் சாப்பிடுவதோடு நிற்பேன், குளிசையாக வேண்டாம்.

புரொக்கோலி முளை கனடாவின் அல்பேர்ட்டாவில் எலிகளிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. வீட்டில் முளைக்கவைத்துப் பச்சையாகத் தின்பதோ கர்ப்பிணிக்கு விலக்கப்பட்டது, சல்மொனெல்லாக் கிருமிப் பயம். மெலடோனின் செம்மறிகளில் நம்பிக்கை தருகிறது, ஆனால் அது ஹோர்மோன்; வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது.

எலியில் வென்றதை இங்கே கொண்டுவருவது எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் உதாரணம். சிசுவை 72 மணித்தியாலம் 33.5 பாகையில் குளிர்வித்து வைப்பது மேலைநாடுகளில் நிரூபணமான சிகிச்சை. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய நாடுகளில் 408 சிசுக்களிடம் அதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள்: குளிர்வித்தவர்களில் 42% இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31%. பிரசவத்துக்கு முன்பே பாதிப்பு தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மனிதரில் நிரூபணமான சிகிச்சையே கடல் தாண்டி இப்படி மாறிப்போகும்போது, எலிப்பரிசோதனையை நம்பி டப்பாவைத் திறக்க எனக்கு மனமில்லை.

மீனெண்ணெய்க்கு ஆதாரம் உண்டு, ஆனால் வேறு வேலைக்கு. 2018ஆம் ஆண்டு கொக்ரேன் தொகுப்பின்படி ஒமேகா-3 எடுத்த தாய்மாருக்கு 34 வாரத்துக்கு முன் பிரசவமாவது குறைந்தது. 2019இல் அவுஸ்திரேலியாவின் பெரிய பரிசோதனை அந்தப் பலனைக் காணவில்லை. குறைமாதப் பிறப்பு குறைந்தால் மூளைக்கு நல்லதே. மூச்சுத் தடையிலிருந்து காப்பது என்பது அதுவல்ல. வெள்ளவத்தைச் சந்தையில் சாளை, சூடை, நெத்தலி கிடைக்கும்போது குளிசை எதற்கு? வாரம் இரண்டு மூன்று நேரம் போதும். சுறா வேண்டாம், பாதரசம் அதிகம். பால்சுறா வறை பிள்ளை பிறந்த பிறகு வரும் பேச்சு.

இந்தப் போட்டியில் பார்சலில் வராத ஒன்றுக்குத்தான் என் வாக்கு: கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்புக் குளிசை. மூளைக்கவசம் என்று அதில் யாரும் எழுதவில்லை. ஆனால் இரத்தம்தான் சிசுவுக்கு ஒட்சிசன் கொண்டுபோகிறது. இரத்தச்சோகையுள்ள தாய் பிரசவத்தில் இரத்தம் இழந்தால் தாங்கமாட்டாள். அந்த இரும்புக் குளிசையையும் பலர் பிளேன்டீயோடு விழுங்குகிறார்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியத்தையும் அதே நேரத்தில் போடக்கூடாது. ஒன்று காலை, ஒன்று இரவு. இரும்போடு தேசிக்காய்த் தண்ணீர். பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.