பாடப்பெட்டியா, நூலகப் பையா? பங்குனி சித்திரையில் தெரிந்த வித்தியாசம்

சிங்கப்பூரில் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் குடும்பங்கள் சிலவே. அந்தச் சில பேர் சந்தித்துக்கொண்டால் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. ஓர் ஆண்டுக்கான பாடமும் புத்தகமும் ஒரே பெட்டியில் அடுக்கி வெளிநாட்டிலிருந்து வரும் பாடப்பெட்டியை வாங்குவதா, நூலகப் புத்தகங்களை வைத்து நாமே பாடத்தை அமைத்துக்கொள்வதா? எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கின்றன. மூத்தவளுக்கு முதல் ஆண்டு பெட்டி, அதன்பிறகு நூலகம். இப்போது சின்னவனுக்கும் நூலகம்தான் என்று முடிவாகிவிட்டது. ஆகவே நூலகத்தின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பெட்டிக்குப் பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், கப்பல் கூலி தனி, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. நூலகத்தில் இரவல் இலவசம், தாமதமானால் மட்டும் அபராதம். சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்ததிலிருந்து, வீட்டில் படிக்கவைக்க நினைப்பவர்கள் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். என்ன சொல்லித்தரப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பின்னால் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் எழுத வேண்டும். பெட்டி வைத்திருப்பதால் இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

பெட்டியின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். இன்று என்ன சொல்லித்தருவது என்று காலையில் எழுந்து யோசிக்க வேண்டியதில்லை. பக்கம், கேள்வி, செய்முறை எல்லாம் வரிசையாக இருக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூத்தவளுக்கு எழுத்துக் கற்பித்த அந்த ஆண்டு, அந்த வரிசைதான் என்னைத் தாங்கியது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அம்மாக்கள் பெட்டியை விட மாட்டேன் என்று சொன்னால் அது நியாயம்தான்.

கணக்கு மட்டும் விதிவிலக்கு. சிங்கப்பூர்க் கணக்கு முறையை அமெரிக்காவில் உள்ள வீட்டுக்கல்விக் குடும்பங்களே தேடி வாங்குகின்றன. அப்படியிருக்க, அங்குலமும் அவுன்சும் பேசும் கணக்குப் புத்தகத்தை நாம் வரவழைப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. பாப்புலர் புத்தகக் கடையில் கிடைக்கும் உள்ளூர்ப் பயிற்சி நூல் போதும்.

சரி, எங்கள் முடிவுக்குக் காரணம் பணமும் இல்லை, கணக்கும் இல்லை. நாள்காட்டி.

அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பாலானவை 36 வாரக் கணக்கு. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ முதல் வாரம் தொடங்கும் என்று வைத்து எழுதியிருப்பார்கள். இங்கே பள்ளி ஆண்டு தொடங்குவது ஜனவரியில். அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு ஒத்துப்போகட்டும் என்று நாங்களும் ஜனவரியில்தான் தொடங்கினோம். இலையுதிர்காலப் பாடம் தைப்பூசத்தை ஒட்டி வந்தது, இளவேனில் பாடம் ஜூலையில் வந்தது. பனி உருகும் படத்துக்கு வண்ணம் தீட்டு, தோட்டத்தில் முளைத்த டாஃபடில் பூவைப் பார்த்து வரை என்றெல்லாம் இருந்தது. பன்னிரண்டாம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உட்கார்ந்து, பார்க்காத பூவை இன்னொரு படத்தைப் பார்த்து வரைந்தாள். அழகாகத்தான் வரைந்தாள். ஆனால் அதைப் பற்றிக் கேட்க அவளிடம் ஒரு கேள்வியும் இல்லை.

நம் ஊரில் இளவேனில் இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று மார்ச்சில் ஓய்ந்துவிடும். பிறகு வெயில் கொளுத்தும், பிற்பகலில் திடீரென இடி மழை கொட்டும். வறண்ட நாட்களுக்குப் பின் அப்படி ஒரு மழை பெய்துவிட்டால், சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொருமுறை. எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மரங்கள் உள்ளன. காலையில் கீழே போனால் கார் கூரையெல்லாம் பூவாக இருக்கும். மகள் சட்டை நுனியில் அள்ளிக்கொண்டு வருவாள். ஐந்து மடல், உள்ளே தொண்டைப் பகுதியில் மஞ்சள், காகிதம்போல் சுருக்கம். அடிக்கோலை வைத்து அளந்து எழுதி வைப்பதற்குள் விளிம்பு பழுப்பாகத் தொடங்கிவிடும்.

நூலகத்தின் அருமை இங்கேதான். மரம் பூத்த வாரத்திலேயே மரங்களைப் பற்றிய இரண்டு மூன்று புத்தகங்களை எடுத்துவர முடிந்தது. இந்த மரத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதி என்று படித்ததும், “அப்போ இதுவும் கப்பல்ல வந்ததாம்மா?” என்று கேட்டாள். அவளுடைய பூட்டனார் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். அன்று பிற்பகல் முழுக்க உலக வரைபடமும் பாட்டியுடன் தொலைபேசியும்தான் பாடம். எந்தப் பெட்டியிலும் இது எழுதியிருக்காது, எழுதவும் முடியாது.

பண்டிகைகளிலும் இதே கதைதான். 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 நோன்புப் பெருநாள், ஏப்ரல் 11 பங்குனி உத்திரம், 14 சித்திரைப் புத்தாண்டு, 18 புனித வெள்ளி, மே 12 பௌத்தர்களின் விசாக தினம். இவற்றில் பங்குனி உத்திரத்துக்கும் சித்திரை முதல் நாளுக்கும் பொது விடுமுறை இல்லை. மற்ற பிள்ளைகள் சீருடையோடு பள்ளிக்குக் கிளம்பும் காலையில் எங்கள் பிள்ளைகள் ஈசூனில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோவிலில் பால்குடமும் காவடியும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு இதுவே பெரிய நிறைவு.

நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். உத்திரம் நட்சத்திரத்தைப் பார்த்து வரும். அச்சடித்த 36 வாரம் இவற்றின் பின்னால் ஓட முடியாது. நூலகப் பை ஓடும். இரவல் காலம் 21 நாள், வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் இன்னொரு 21 நாள் நீட்டிக்கலாம். மொத்தம் 42. அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கும் விசாக தினத்துக்கும் இடையே சரியாக 42 நாள்! அதைக் கவனித்த பிறகு ஒரே பையில் ஏறக்குறைய எல்லாப் பண்டிகைக்கும் புத்தகம் எடுத்துவரத் தொடங்கினோம். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) பலகாரம் கொண்டுவந்து கொடுக்கும்போது நோன்பைப் பற்றிய கதை மேசையில் கிடக்கும். தேக்காவில் வாங்கிய உலர்ந்த வேப்பம்பூவை நெய்யில் வறுக்கும்போது சமையல் புத்தகம் மகள் கையில் இருக்கும். மாங்காய், வெல்லம், மிளகாய், உப்பு என்று அவளே தமிழில் எழுதிய பட்டியல் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். கசப்பாக இருக்கிறது என்று சின்னவன் முகம் சுளித்தாலும், பச்சடியில் ஏன் பூவைப் போடுகிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் ஓடினான்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் என்று ஒன்று இருப்பதும் நல்லதே. சொந்தப் புத்தகம் அலமாரியில் தூங்கும், இரவல் புத்தகத்தை அந்த வாரமே பிரித்துவிடுகிறோம். போதாததற்கு நம் ஊர் ஈரக்காற்று. மூடிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை, திறந்து வைத்தால் இராமபாணப் பூச்சி. பெட்டியோடு வந்த படப் புத்தகங்களைக் காப்பாற்றி அடுத்தவனுக்கு வைத்திருப்பதே ஒரு வேலை. எழுதி நிரப்பிய பயிற்சி நூலையோ யாரும் மறுவிலைக்கு வாங்குவதில்லை.

தமிழ்ப் புத்தகத்துக்கு வருவோம். இதில் பெட்டிக்கும் நூலகத்துக்கும் போட்டியே இல்லை, பெட்டியில் தமிழ் கிடையாது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்துக்கும் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்கும் போவோம். எடுத்த புத்தகத்தை எந்தக் கிளையிலும் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் ஈசூனிலேயே போட்டுவிடலாம். சென்னையின் தூலிகா, தாரா பதிப்பகங்களின் படப் புத்தகங்கள் சின்னவனுக்குப் பிடிக்கும். மூத்தவளுக்கு நாட்டார் கதைகள். தெனாலிராமனை முடித்துவிட்டு, இப்போது புக்கிட் மேரா கதைக்கு வந்திருக்கிறாள், சிங்கப்பூர்க் கடற்கரையைத் தாக்கிய மீன்களை வாழைத்தண்டு வேலி கட்டித் தடுக்கச் சொன்ன சிறுவனின் கதை அது. அரசன் அந்தச் சிறுவனைக் கொல்லச் சொன்னதைப் படித்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் அரசனோடு கோபமாக இருந்தாள்.

தமிழ்ப் பிரிவில் ஆங்கிலம் அளவுக்குத் தேர்வு இருக்காது. ஏழெட்டு வயதுக்கு ஏற்ற தகவல் நூல்கள், அதாவது மரம், பூச்சி, கோள் பற்றியவை, தமிழில் எனக்குக் குறைவாகவே கிடைத்தன. அதற்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தை நாடுகிறோம். தமிழ்க் கதைகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம், அச்செடுக்கவும் செய்யலாம். திரும்பத் திரும்பக் கேட்கும் சில புத்தகங்களை மட்டும் விலைக்கு வாங்கிவிடுகிறோம். ஏழாவது முறையாக ஒரே கதையை இரவல் எடுக்கும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் சொந்தமாக இருப்பதே சரி.

நூலக வழியில் உழைப்பு அதிகம் என்பதை மறைக்கப் போவதில்லை. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே தேடத் தொடங்க வேண்டும், பொது விடுமுறையில் நூலகம் மூடியிருக்கும். ஞாயிறு இரவு உட்கார்ந்து அந்த வாரத்துக்கான பாடத்தை எழுதியாக வேண்டும். என் கணவர் அறிவியலையும் கணக்கையும் எடுத்துக்கொள்வதால்தான் எனக்குச் சமாளிக்க முடிகிறது. தனியாகச் செய்பவர்களின் நிலைமை வேறு. என் மகளுக்கு இப்போதுதான் எட்டு வயது. தொடக்கநிலை ஐந்து, ஆறில் தேர்வு நெருங்கும்போது இந்த முறை எவ்வளவு தாங்கும் என்பதை அந்த வயதுப் பிள்ளைகளை வளர்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஜனவரியில் புதிதாகத் தொடங்குபவராக இருந்தால், பெட்டிக்குப் பணம் கட்டும் முன் பிள்ளைகளுக்கு நூலக உறுப்பினர் கணக்கைத் திறந்துவிடுங்கள். சித்திரை வரை அதை வைத்தே ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தினசரி வரிசை வேண்டும் என்று தோன்றினால் ஆங்கிலத்துக்கு மட்டும் தனியாக ஒரு தொகுப்பு வாங்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் பாடவாரியாகவும் பிரித்து விற்கின்றன.