மிசூரியின் கேட்டி டிரெயில்: ஆற்றங்கரையும் அதற்கு மேற்கேயும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மேற்கே கிளின்டன் என்னும் சிற்றூரிலிருந்து கிழக்கே செயின்ட் லூயிஸ் நகருக்கு வடக்கிலுள்ள மேச்சன்ஸ் வரை செல்லும் கேட்டி டிரெயில் ஏறத்தாழ 240 மைல், அதாவது 386 கிலோமீட்டர் நீளமுள்ள சரளைப் பாதை. மாநிலப் பூங்காத் துறை இதைப் பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சரளைப் பாதைகளுக்கென்று செய்யப்படும் கிராவல் சைக்கிளைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் நெடும்பயணத்துக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் தயங்காமல் இந்தப் பாதையைச் சொல்வேன். ஆனால் எல்லாரும் புகழும் ஆற்றங்கரைப் பகுதியை மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம் என்பதையும் கூடவே சொல்வேன், ஏனென்றால் இப்பாதையின் மேற்குப் பகுதிக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

இது மிசூரி-கான்சஸ்-டெக்சஸ் ரயில் நிறுவனத்தின் பழைய தடம். 1986இல் மிசூரி ஆற்றில் வந்த பெருவெள்ளம் தண்டவாளத்தை அரித்த பிறகு அந்நிறுவனம் இந்த வழியைக் கைவிட்டது. அதைப் பொதுமக்களுக்கான பாதையாக்க எட்வர்ட் ஜோன்ஸ் முதலீட்டு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் டெட் ஜோன்ஸ் 22 இலட்சம் டாலர் கொடுத்தார். தங்கள் நிலத்தின் ஓரமாக அந்நியர்கள் வந்துபோவதை விரும்பாத விவசாயிகளின் எதிர்ப்பையும் வழக்குகளையும் தாண்டி, 1990இல் ரோச்போர்ட் அருகே முதல் பகுதி திறக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு வெள்ளம் அதுவரை போட்டிருந்த பாதையின் பெரும்பகுதியைச் சிதைத்தும் மாநிலம் அதைக் கைவிடாமல் மறுபடியும் போட்டது. ஆறு பெருகும் ஆண்டுகளில் இன்றும் சில பகுதிகள் மூடப்படுவதுண்டு. ஆகவே புறப்படும் முன் பூங்காத் துறையின் அறிவிப்புகளைப் பார்த்துவிட வேண்டும்.

பாதையின் தரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராவல் பயணத்தில் பாதி அனுபவம் அதில்தான் இருக்கிறது. இங்கே போட்டிருப்பது நுணுக்கி அரைத்த சுண்ணாம்புக்கல். வறண்ட நாட்களில் அது கெட்டிப்பட்டுத் தார்ச்சாலைக்குச் சற்றே குறைந்த வேகத்தைத் தரும். அப்போது எழும் வெண்புழுதி கோலமாவைப் போலச் சங்கிலியிலும் பற்சக்கரத்திலும் படிவதால், ஒவ்வொரு மாலையும் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவது அவசியம். மழை பெய்த மறுநாள் நிலைமை வேறு: மேற்பரப்பு இளகி டயரைப் பிடித்துக்கொள்ளும், கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்திலும் மேடேறுவது போலக் கால் கனக்கும். பனியுறைந்து உருகும் மார்ச் மாதத்தில் இந்த இளக்கம் பல நாட்கள் நீடிக்கும். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் போதும். அதிர்வைத் தாங்கும் முன்சக்கர சஸ்பென்ஷன் இந்தத் தரைக்கு வீண் சுமை. 28 மில்லிமீட்டர் டயரோடு வருகிறவர்கள் வறண்ட காலத்தில் ஓட்டிவிடலாம் என்றாலும், புதிதாகக் கல் கொட்டிய இடங்களில் முன்சக்கரம் வழுக்கும்.

பூன்வில் முதல் செயின்ட் சார்ல்ஸ் வரையிலான சுமார் 150 மைல்தான் படங்களில் எல்லாரும் பார்த்திருக்கும் கேட்டி. ஒருபுறம் மிசூரி ஆறோ அதன் வண்டல் வயல்களோ இருக்க, மறுபுறம் சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறைகள் நிமிர்ந்து நிற்கும். இவற்றுள் ரோச்போர்ட் முதல் மெக்பெய்ன் வரையிலான ஒன்பது மைல்தான் ஈடு இணையற்றது. ரோச்போர்ட்டில் 1893இல் கட்டிய, 243 அடி நீளமுள்ள கல் சுரங்கத்தைக் கடந்து கிழக்கே வந்தால், ஆறு கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வரும். 1804இல் கண்டத்தின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் இருவரும் தங்கள் படகுகளில் எதிர்நீரோட்டத்தில் ஏறிச் சென்ற அதே நீர்வழி இது. மெக்பெய்ன் அருகே, சில நூற்றாண்டுகளைக் கண்ட மாபெரும் ஓக் மரம் ஒன்று வயல்வெளியில் தனித்து நிற்கிறது. பாதையிலிருந்து சிறிது விலகிப் போய்ப் பார்ப்பது வீண்போகாது.

ஆனாலும் இந்த நெடிய ஆற்றங்கரை முழுவதும் அதே தரத்தில் இல்லை. ஜெபர்சன் சிட்டிக்குக் கிழக்கே பல இடங்களில் ஆறு தொலைவில் ஒதுங்கிவிட, இருபுறமும் சோளமும் சோயாவும் மட்டுமே மணிக்கணக்கில் வரும். ரயில் தடம் என்பதால் வளைவும் ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. ஒரே நிலையில் உட்கார்ந்து ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டே இருப்பதால் முதுகும் உள்ளங்கையும் மரத்துப்போகும். வெட்டவெளியில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் சமதரை என்ற சலுகை அங்கே மறைந்துவிடுகிறது. இந்தச் சலிப்பை மாற்றுபவை வழியிலுள்ள ஊர்கள்தான். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அகஸ்டா 1980இல் நாட்டின் முதல் அங்கீகரிக்கப்பட்ட ஒயின் வட்டாரமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஆற்றின் தென்கரையில், பாலத்தைக் கடந்து சென்று சேர வேண்டிய ஹெர்மன், ஜெர்மானியர் 1830களில் நிறுவிய ஊர். செங்கல் வீடுகள் தெருவை ஒட்டி வரிசையாக நிற்கும் அந்த ஊரில் ஓர் இரவு தங்கலாம்.

பூன்வில்லுக்கு மேற்கே பாதை ஆற்றை விட்டு மேடேறத் தொடங்குகிறது. அங்கிருந்து பைலட் குரோவ், சிடேலியா, கிரீன் ரிட்ஜ், வின்ட்சர் வழியாகக் கிளின்டன் வரை உள்ள சுமார் 73 மைல்தான் என் கணிப்பில் கேட்டியின் சிறந்த சைக்கிள் பகுதி. நிலம் மென்மையாக ஏறி இறங்கும். ரயில் தடத்தின் சரிவு என்பதால் மூச்சு முட்டாது, ஆனால் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வைக்கும், உடலும் நிலை மாறிக்கொண்டே இருக்கும். மேய்ச்சல் நிலங்கள், வைக்கோல் உருளைகள், ஓடைகளின் மேல் சிறு பாலங்கள், ஆங்காங்கே எஞ்சியிருக்கும் உயர்புல் சமவெளியின் காட்டுப்பூக்கள் என்று ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு புதிய காட்சி உண்டு. வின்ட்சர் அருகே பாதை கடல் மட்டத்திலிருந்து 955 அடி உயரத்தைத் தொடுகிறது. முழுப் பாதையிலும் அதுவே உச்சம். வார இறுதிகளில்கூட இங்கே கூட்டம் இருக்காது. இன்னும் தொலைவு போக விரும்புகிறவர்களுக்கு வின்ட்சரிலிருந்து கான்சஸ் சிட்டி பக்கமாகப் பிரியும் ராக் ஐலண்ட் கிளைப்பாதை 2016இல் திறக்கப்பட்டது. 47 மைல் நீளமுள்ள அது பிளெசன்ட் ஹில் வரை செல்கிறது.

கரடுமுரடான கல்லில் சைக்கிளைச் சோதிக்க நினைப்பவர்களுக்குக் கேட்டி மிகவும் சாதுவாகத் தோன்றும். அவர்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து குன்றுகளுக்கு ஏறும் ஊரகச் சரளைச் சாலைகளில் திரும்பலாம். அங்கே கல் பெரியது, சரிவு செங்குத்தானது, பண்ணை நாய்களும் உண்டு. கேட்டியை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு அத்தகைய சாலைகளில் ஒரு சுற்று போய் மறுபடியும் பாதையில் வந்து சேர்வது தேர்ந்தவர்களுக்கு ஏற்ற திட்டம்.

வசதிகளைப் பொறுத்தவரை, வழிகாட்டிப் பலகைகளும் மைல் கம்பங்களும் குறை சொல்ல முடியாதவை, கழிப்பறைகளும் போதுமான இடைவெளியில் உள்ளன. குடிநீர்தான் பெரிய குறை. நிறுத்தங்கள் எல்லாவற்றிலும் அது கிடைப்பதில்லை. மேற்குப் பகுதியில் நிழலும் குறைவு என்பதால் மூன்று லிட்டராவது சுமந்து செல்வது நல்லது. இத்தனை அக்கறையோடு பராமரிக்கும் துறை இன்னும் சில குழாய்களை வைத்தால் சிறுவர்களோடு வரும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும். சிற்றூர்களின் உணவகங்களில் வாரத்தின் தொடக்க நாட்களில் பூட்டு தொங்குவது வழக்கம், சைவ உணவுக்கு வாய்ப்பும் குறைவு; நம்மவர்கள் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போவதே உத்தமம். சூரியன் மறைந்த பின் பாதையில் இருக்க அனுமதி இல்லை, பாதையோரத்தில் கூடாரம் அடிக்கவும் கூடாது. எனவே இரவுத் தங்கலை முன்கூட்டியே ஏதேனும் ஓர் ஊரில் பதிவு செய்துவிட வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். மே மாதமும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையிலான நாட்களும் சரியானவை. முழுப் பாதையையும் ஓட்டுபவர்கள் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வது நல்லது. மொத்தத்தில் இறக்கம், காற்றும் பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். சில நாட்களே விடுமுறை உள்ளவர்கள், செயின்ட் லூயிஸையும் கான்சஸ் சிட்டியையும் இணைக்கும் ஆம்ட்ராக் ரயிலில் சைக்கிளுக்கும் முன்பதிவு செய்துகொண்டு சிடேலியாவில் இறங்கலாம். அங்கிருந்து பூன்வில், ரோச்போர்ட் வழியாக ஓட்டி, ஜெபர்சன் சிட்டியில் ஆற்றுப் பாலத்தோடு 2011இல் சேர்த்த சைக்கிள் தடத்தில் தென்கரைக்கு வந்தால், திரும்பும் ரயில் அதே ஊரில் கிடைக்கும். மேட்டு நிலமும் பாறைச் சுவரும் ஆறும் இந்த ஒரே துண்டில் அடங்கிவிடுகின்றன.