மெர்லினோடு மூன்று கோடைகள்

பங்குனி பிறந்துவிட்டால் விடிகாலை ஐந்தரைக்கு நடக்கக் கிளம்பிவிடுவேன். கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் ஒன்றரை மணி நேரம். ஏழரை ஆனால் வெயில் சுள்ளென்று ஏறும், பறவைகளும் ஒவ்வொன்றாக அடங்கிவிடும்.

அந்த நடையில், பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியோடு எனக்கு இது மூன்றாவது கோடை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் தருவது, இலவசம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021இல் வட அமெரிக்கப் பறவைகளோடு வந்தது. அப்புறம் நம் பறவைகளும் சேர்ந்தன. போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் சத்தம் கோடும் புள்ளியுமாகத் திரையில் ஓடும். அந்த வடிவத்தை வைத்துத்தான் பறவையைக் கண்டுபிடிக்கிறது. இந்தியத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் குளக்கரையில் நெட் தேவையில்லை.

முதல் கோடையில் எனக்குக் கிடைத்தது குயில். 'கிக் கிக் கிக்' என்று யாரோ துரத்துவதுபோல் பதறும் ஒரு குரலைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன், வேறு ஏதோ பறவை என்றே இருந்தேன். செயலி ஒவ்வொரு முறையும் குயில் என்றே காட்டியது. ஒருநாள் அண்ணாந்து தேடினால், புங்க மரத்தில் உடம்பெல்லாம் புள்ளியாகப் பெட்டைக்குயில், பின்னாலேயே இரண்டு காக்கைகள். நாம் கேட்டு மயங்குகிற, படிப்படியாக ஏறும் அந்தக் கூவல் முழுக்க ஆண்குயிலுடையது. பாட்டுக்குப் பெண்ணைக் 'குயில்' என்றே சொல்லிப் பழகிய எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை.

அடுத்தது குக்குறுவான். தூரத்தில் யாரோ செம்பு தட்டுவதுபோல் 'டுக் டுக் டுக்'. வெயில் ஏற ஏற உற்சாகமாகக் கூப்பிடும். குரல் வரும் பக்கம் பார்த்தால் ஆளே இருக்காது. கூப்பிடும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் சத்தம் இடம் மாறுவதுபோல் ஏமாற்றும். நெற்றிச் சிவப்பைக் கண்ணால் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. தையல்சிட்டு அப்படியில்லை, விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் திரையில் தினமும் முதலில் வந்து நிற்கும் பெயர் அதுதான்.

திரையில் வந்த பெயரை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் வல்லூறின் குரல் கேட்டது. நானும் வல்லூறு என்றுதான் நினைத்தேன், திரையிலும் அதே. மேய்ந்துகொண்டிருந்த மைனாக்கள்கூடச் சிதறிப் பறந்தன. பார்த்தால் கம்பியில் இரட்டைவால் குருவி! வல்லூறைப்போல் குரல் கொடுத்துவிட்டு, மைனாக்கள் விட்டுப்போன இரையின்மேல் பாய்ந்தது. அன்றிலிருந்து கண்ணால் பார்க்காததை நோட்டில் எழுதுவதில்லை. திருச்சி சாலைப் பக்கம் போனால் வண்டிச் சத்தத்தில் மெல்லிய குரல்கள் கரைந்துவிடும். கரையின் உட்பக்கம் நின்று பதிவு செய்யுங்கள்.

பெயர்களை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறேன். பதிவுகளை வீட்டுக்கு வந்து அம்மாயிக்குப் போட்டுக் காட்டுவேன். 'ஊப் ஊப்' என்ற அடிக்குரலைக் கேட்டதும், "செம்போத்து கண்ணு. காத்தால அதும் மூஞ்சில முழிச்சா நல்லது" என்றார். 'அக்கா, அக்கா' என்று ஏங்குவதை அக்காக்குருவி என்றார். என் நோட்டில் இப்போது ஒரு பக்கம் செயலி சொன்ன பெயர், மறுபக்கம் அம்மாயி சொன்ன பெயர்.

இந்த வருடம் போனைப் பெரும்பாலும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் வெறும் காதால் கேட்டு, எத்தனை குரல் என்று மனசுக்குள் எண்ணிவிட்டுத்தான் செயலியைத் திறக்கிறேன். காது பழகப் பழக இதுதான் எனக்குப் பிடித்த முறை.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பறவைக்கும் மாதிரிக் குரல் அதில் இருக்கிறது. படம் எடுப்பதற்காகச் சிலர் அதைக் குளக்கரையில் சத்தமாக ஒலிக்கவிடுகிறார்கள். கோடையில் பல பறவைகள் கூடு கட்டியிருக்கும். எதிராளி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு ஓடிவந்து தேடும், அந்த நேரம் குஞ்சுகள் தனியாகக் கிடக்கும். மாதிரிக் குரலை வீட்டில் போட்டுக் கேளுங்கள்.