டர்போ ரோட்டரி இன்ஜினுக்கு எந்த ரோட்டர்: 8.5, 9.0, 9.7?

பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் மாஸ்டாவின் 13பி ரோட்டரி இன்ஜினைப் பிரித்து மீண்டும் கட்டுபவர் முதலில் ஹவுசிங்கும் (ரோட்டர் சுழலும் கூடு) சீல்களும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்ப்பார். அடுத்து எந்த ரோட்டரைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பிஸ்டன் இன்ஜினில் ஹெட்டைச் சீவியோ கேஸ்கெட்டின் தடிமனை மாற்றியோ அழுத்த விகிதத்தை, அதாவது கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை, சற்றே ஏற்றி இறக்கலாம். ரோட்டரியில் அந்த வசதி கிடையாது. ரோட்டரின் மூன்று முகங்களிலும் உள்ள குழிகளின் கொள்ளளவே விகிதத்தைத் தீர்மானிப்பதால், விகிதம் மாற வேண்டுமானால் ரோட்டரே மாற வேண்டும். குழியைக் கடைந்து ஆழப்படுத்தலாம் என்பார்கள். ஓசூரில் சிஎன்சி பட்டறைகளுக்குப் பஞ்சமும் இல்லை. ஆயினும் ரோட்டர் உள்ளே எண்ணெய் ஓடிக் குளிரும் பொள்ளலான வார்ப்பிரும்பு. மிஞ்சும் சுவரின் தடிமன் தெரியாமல் அதில் கைவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வுக்கு இருப்பவை சிலவே. டர்போ என்பது எக்சாஸ்ட் புகையால் சுழன்று காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி. 1980களின் பிற்பகுதியில் முதலில் வந்த 13பி டர்போ ஆர்எக்ஸ்-7 (மாஸ்டாவின் ஸ்போர்ட்ஸ் கார்) வண்டிகளில் 8.5 விகித ரோட்டர் இருந்தது. 1989 முதல் டர்போ வண்டிகளுக்கு 9.0 ஆயிற்று, 2002 வரை வந்த அடுத்த தலைமுறை ஆர்எக்ஸ்-7லும் அதுவே தொடர்ந்தது. டர்போ இல்லாத 1989 வகையில் 9.7, ஆர்எக்ஸ்-8ல் 10.0.

எண்களாகப் பார்த்தால் இடைவெளி பெரிதாகத் தோன்றும். ரோட்டரின் ஒரு முகத்துக்கும் ஹவுசிங்குக்கும் இடையே உள்ள அறை விரிந்து சுருங்கும் அளவு 654 சிசி என்பதால், முழுதும் அழுத்தியபின் மிஞ்சும் இடம் 8.5ல் சுமார் 87 சிசி, 9.0ல் 82, 9.7ல் 75. முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தேக்கரண்டி எண்ணெய் அளவுதான். ஏட்டுக் கணக்கில் 8.5லிருந்து 9.0க்கு ஏறினால் வெப்பத் திறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறிய பிறகு இதை உணர்வது அரிது; டர்போ விழித்துக்கொள்ளும் முன், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான் அது தெரியும்.

8.5ஐ விரும்புபவர்கள் சொல்லும் காரணம் நாக்கிங் பயம். அந்தப் பயம் நியாயமானதே. ரோட்டரியின் எரியறை நீண்டு மெலிந்தது. தீ கடைக்கோடியை எட்டும் முன் அங்குள்ள கலவை தானாக வெடித்துவிட்டால் (இதுவே நாக்கிங்), ரோட்டரின் முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் மெல்லிய அபெக்ஸ் சீல் அந்த அடியைத் தாங்காமல் உடைகிறது. உடைந்த துண்டு ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறிவிட்டு, எக்சாஸ்ட் வழியே வெளியேறும்போது டர்போவின் விசிறி இதழ்களையும் சிதைக்கிறது. ஒரு சீலுக்கான செலவு ஒரு ஹவுசிங், ஒரு டர்போ என்று வளர்ந்துவிடும்.

ஆனால் அந்தப் பயத்துக்கு ரோட்டரை மாற்றுவதுதான் மருந்தா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே போகும் காற்று 60 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், 9.0 ரோட்டரில் அழுத்தத்தின் முடிவில் கலவையின் வெப்பம் 8.5ஐவிட ஏறத்தாழ 14 டிகிரி மட்டுமே அதிகம். உள்ளே போகும் காற்றையே 7 டிகிரி குளிர்வித்தால் அந்த வேறுபாடு அடிபட்டுப் போகும். தருமபுரியின் சித்திரை வெயிலில், லாரிகளுக்குப் பின்னால் தொப்பூர் கணவாயில் ஊர்ந்து ஏறும் வண்டியில், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் சுமாரானதுக்கும் நல்லதுக்கும் உள்ள வேறுபாடு 7 டிகிரிக்கு மேலேயே இருக்கும். எனவே ரோட்டர் தேடும் பணத்தை இன்டர்கூலரிலும் அதற்குக் காற்றை வழிநடத்தும் தகட்டிலும் போடுவதே புத்திசாலித்தனம்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. பூஸ்ட் இல்லாதபோது வண்டி மந்தமாக இருக்கும், ஆகவே அங்கே 9.0 கைகொடுக்கும். ஆனால் ஓசூரில் ட்யூன் செய்த வண்டி தருமபுரிக்கு இறங்கி, தொப்பூரும் தாண்டிச் சேலம் பக்கம் போனால், மீட்டரில் அதே பூஸ்ட் காட்டினாலும் அறைக்குள் நுழையும் உண்மையான அழுத்தம் கூடியிருக்கும். திரும்பிக் கணவாய் ஏறும்போதுதான் இன்ஜின் நெடுநேரம் முழுச் சுமையில் உழைக்கும் என்பதால், இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) அந்த ஏற்றத்துக்கு ஏற்றபடி பின்தள்ளி வைப்பது அவசியம். பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் நாக்கிங்கைச் சற்றுத் தள்ளிப்போட உதவும்; ஆனால் அதே காற்றுக்கு 8 சதவீதம் அளவுக்குக் கூடுதல் எரிபொருள் கேட்கும், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

9.7ஐக் குறைந்த பூஸ்டில், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்-மெத்தனால் தெளிப்போடு ஓட்டலாம். ஆனால் தெளிப்பான் ஒருநாள் அடைத்துக்கொண்டால் காப்பாற்ற வேறெதுவும் இல்லை. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நான் அதைப் போடமாட்டேன். ஆர்எக்ஸ்-8 ரோட்டரின் அபெக்ஸ் சீல் பள்ளம் ஆழம் குறைந்தது, பழைய சீல்கள் அப்படியே உட்காரா. பெரிய டர்போ வைத்து, குறைந்த ஆர்பிஎம்மைப் பற்றிக் கவலையில்லாமல், மிக உயர்ந்த பூஸ்டில் பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு 8.5 பொருந்தும். மற்றவருக்கு 9.0.

எதை எடுத்தாலும் இரண்டு ரோட்டர்களும் ஒரே வகையாக இருக்க வேண்டும். 1989 முதல் வந்தவை எடை குறைந்தவை என்பதால், பழைய இன்ஜினில் அவற்றைப் போடுபவர் முன்னும் பின்னும் உள்ள எதிர்எடைகளையும் அதே வகைக்கு மாற்றியோ, மொத்தத்தையும் பேலன்ஸ் செய்தோதான் இன்ஜினை மூட வேண்டும்.