ஐந்து போர்ட் சாட்டா கார்ட் (ஜேஎம்பி585): லினக்ஸில் பாவிக்க ஏற்றதா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வீடியோ ஸ்டூடியோ, பழைய டெஸ்க்டொப்பில் லினக்ஸ் போட்டு கல்யாண வீடியோக்களைச் சேமிக்க நினைத்தால், முதலில் தட்டுப்படுவது மதர்போர்டில் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட் போதாமைதான். அதற்கு ஜேஎம்பி585 சிப் உள்ள இந்தக் கார்ட் நல்ல தெரிவு. மதர்போர்டின் பிசிஐஇ 3.0 ஸ்லொட்டில் இரண்டு லேனில் (தரவுப் பாதையில்) ஓடுவதால், ஐந்து சுழலும் டிஸ்க்கும் ஒன்றாக வாசித்தாலும் பாதை நெரியாது. தனி டிரைவர் தேவையில்லை, லினக்ஸின் மையமான கேர்னலில் உள்ள ஏஹெச்சிஐ என்ற பொது சாட்டா டிரைவரே போதும்.

ஆனால் பெட்டிக்குள் கூடவே வரும் மெல்லிய, கிளிப் இல்லாத கேபிள்களை நம்ப வேண்டாம். டைம்அவுட் (டிஸ்க் நேரத்துக்குப் பதில் தராத பிழை) வந்ததும் பலர் கார்டைத்தான் திருப்பிக் கொடுக்க ஓடுகிறார்கள். அதற்கு முன் கேர்னல் எழுதும் பதிவான லொக்கைப் பாருங்கள். "ஏடிஏ3.00: எக்செப்ஷன்... ஃப்ரோசன்", அடுத்து "ஃபெயில்ட் கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்", பிறகு "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்று வரும். கேட்டதற்கு டிஸ்க் 30 விநாடி பதில் தராததால் கேர்னல் இணைப்பை வெட்டித் திரும்பத் தொடுக்கிறது என்பதே இதன் பொருள். ஏன் பதில் வரவில்லை என்பதை இந்த வரிகள் சொல்லாது.

அந்த 3 என்பது போர்ட்டின் இலக்கம், டிஸ்க்கினுடையது அல்ல. டிஸ்க்கை அதன் கேபிளோடு வேறொரு டிஸ்க்கின் போர்ட்டுக்கு மாற்றி, அந்த டிஸ்க்கை இதன் போர்ட்டில் போடுங்கள். பிழை பழைய இலக்கத்திலேயே நின்றால் கார்டில் சந்தேகம். டிஸ்க்கோடு சேர்ந்து போனால் கேபிளை மட்டும் மாற்றித் திரும்பப் பாருங்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அட்டவணையில் 199ஆம் எண், அதாவது தரவு வழியில் சிதைந்ததை எண்ணும் சிஆர்சி பிழைக் கணக்கு, கேபிளின் சாட்சி. அது ஒருபோதும் பூச்சியத்துக்குத் திரும்பாது, ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, கேபிள் மாற்றிய பிறகு கூடுகிறதா என்று பாருங்கள். லிங்க் 6.0 ஜிகாபிட்டிலிருந்து 3.0க்கும் 1.5க்கும் இறங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

அதே அட்டவணையில் 197ஆம் எண், அதாவது வாசிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் கணக்கு, ஏறினால் கோளாறு டிஸ்க்கில். சாதாரண டெஸ்க்டொப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரை 30 விநாடிக்கு மேலும் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும். கேர்னல் பொறுக்காமல் ரீசெட் செய்யும், பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெயிட் அந்த டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையால் எஸ்சிடி ஈஆர்சியை (டிஸ்க் ஒரு பிழையோடு போராடும் நேர வரம்பை) 70,70 என்று வையுங்கள், அதாவது 7 விநாடி. டிஸ்க் அதை ஏற்காவிட்டால் கேர்னலின் டைம்அவுட்டை 180 விநாடிக்கு உயர்த்துங்கள். மெஷினை அணைத்துப் போட்டால் இரண்டுமே போய்விடும், பூட் ஸ்கிரிப்டில் எழுதிவைப்பது அவசியம்.

இரண்டு மூன்று டிஸ்க் ஒரே நொடியில் விழுந்தால் பவரைப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 அம்பியர் இழுக்கும். ஐந்தையும் ஒரே ஸ்பிளிட்டர் வயரில் தொங்கவிட்டால் வோல்ட் இறங்கும். சப்ளையிலிருந்து வரும் ஒரு வயருக்கு இரண்டு டிஸ்க் போதும்.

பவர் சரி என்றால் சூட்டைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மூடிய கேசுக்குள் கார்டின் சின்ன ஹீட்சிங்க் மட்டும் போதாது. 80 மிமீ விசிறி ஒன்றை அதன் மேல் காற்றுப் படும்படி வைக்க வேண்டும்.

என்சிக்யூவை (டிஸ்க் பல கட்டளைகளை ஒன்றாக வரிசையில் வாங்கும் வசதியை) நிறுத்தும் கேர்னல் ஒப்ஷனை முதல் மருந்தாகப் போடுவது தவறு. வேகம் குறையும், மூலக் கோளாறும் மறைந்து நிற்கும். டிஸ்க் சும்மா இருந்து எழும்பும்போது மட்டும் பிழை வந்தால், லிங்க் பவர் கொள்கையை (இணைப்பு மின்சாரம் சேமிக்கும் விதத்தை) மேக்ஸ் பெர்ஃபோமன்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

கார்டோடு கிளிப் உள்ள, அரை மீற்றருக்கு மேற்படாத ஐந்து கேபிளையும் சேர்த்தே வாங்குங்கள். எக்ஸ்1 (ஒரு லேன் மட்டும் உள்ள குட்டை) ஸ்லொட் மட்டும் மிஞ்சியிருக்கும் மதர்போர்டில் இந்தக் கார்ட் நீளத்தால் பெரும்பாலும் உள்ளே இறங்காது, வாங்குமுன் கேசைத் திறந்து ஸ்லொட்டைப் பாருங்கள்.